பின்வாசல் ஊசி

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் சாலையைப் பார்த்தது. காலையில் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பார்கள். இருமல், வயிற்றுப்போக்கு, அட்டை கடித்துச் சொறிந்த புண், எல்லாம் அந்த வழிதான். பின்வாசல் விறகுக் கொட்டகையைப் பார்த்தது. அது ஆண்களுக்கு, அதுவும் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மட்டும்.

ஏன் பதினோரு மணி என்றால், அப்போதுதான் மலையில் முதல் நிறுவை. காலையிலிருந்து வெட்டிய கொழுந்தைச் சாக்கில் கட்டி, பெண்கள் தராசுக்கு முன்னால் வரிசை பிடித்து நிற்பார்கள். வரிசையை விட்டு நகர்ந்தால் கொழுந்து வாடிவிட்டது என்று கங்காணி எடையைக் குறைத்துவிடுவார். அதனால் எந்தப் பெண்ணும் அந்த ஒரு மணி நேரம் கீழே இறங்க மாட்டாள். பெண்டாட்டிகள் நிறுவையில் நிற்கும் நேரம் பார்த்துப் புருஷன்களுக்கு ஊசி.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் டிரஸ்ஸர் ராஜநாயகம். தோட்டத்தில் டாக்டர் கிடையாது. மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் டிரஸ்ஸர்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, ஞாயிறு தவறாமல் மாதா கோயில். கெட்டிக்காரர், இரக்கமுள்ளவர் என்று பெயர். அவருடைய கெட்டிக்காரத்தனத்தாலும் எங்கள் திருட்டுத்தனத்தாலும் ஒரு குழந்தைக்கு இரண்டு கண்ணும் போயின.

நானும் அந்தப் பின்வாசலில் நின்றவன்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு யாரும் மேலே படிக்க வேண்டாம்.

என் பெயர் பழனியப்பன். தோட்டத்து லோரியில் கெலிண்டானாக இருந்தேன். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்த் தேயிலைப் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். டிரைவர் அர்ஜுனன். கூலிக்காரர்கள் குடியிருக்கிற வரிசை வீடான லயத்தில் எனக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். திங்கட்கிழமை பெட்டி ஏற்றி, கேமரன் மலையின் ரிங்லெட் வளைவுகளில் இறங்கி, தாப்பா ரோடு ஸ்டேஷனில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. நேராகத் திரும்பலாம். நாங்கள் ஈப்போ பட்டணம் போய்விட்டுத் திரும்பினோம். லோரிக்கு உதிரிச் சாமான் வாங்க வேண்டும் என்று அர்ஜுனன் ஆபீஸில் கணக்கு பார்க்கும் கிராணியிடம் ஒரு பொய்யை நிரந்தரமாகவே சொல்லி வைத்திருந்தான். தேயிலை பேக்டரியிலிருந்து மூன்று பேர் முறை போட்டுக்கொண்டு கூட வருவார்கள். ஈப்போவில் ஒரு சந்துக்குள் ஒரு மாடிப்படி. அதற்கு மேல் விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. ஏறினோம், இறங்கினோம். சில நாளில் மூத்திரம் போகும்போது உயிர் போய் உயிர் வரும். உடனே வியாழக்கிழமையை எண்ண ஆரம்பிப்போம்.

டிரஸ்ஸர் இடுப்புக்குக் கீழே ஊசியைக் குத்திவிட்டு, "வீட்டுல கேட்டா குளிர் ஊசின்னு சொல்லு" என்பார். ஒரு தடவை வந்தவன் நான்கு வாரம் தொடர்ந்து வர வேண்டும் என்பது அவர் முறை. அதனால் வியாழன்தோறும் நாலைந்து பேராவது நிற்போம். கேமரன் மலைக் குளிருக்கு அந்தப் பொய் நன்றாகவே பொருந்தியது. பெண்களும் நம்பினார்கள். "ஊசி போட்ட எடத்துல தண்ணி படாம பாத்துக்குங்க" என்று என் மனைவி தங்கம்மா எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

எழுபத்தாறாம் வருஷம் நவம்பர் மழையில் அர்ஜுனன் மனைவி அம்மாக்கண்ணுவுக்குத் தலைப்பிரசவம். மண் சரிந்து, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற தானா ராத்தாவுக்குப் போகிற சாலை அடைபட்டிருந்தது. லயத்திலேயே மருத்துவச்சி பார்த்தாள். பெண் குழந்தை, செல்லம் என்று பெயர். மூன்றாம் நாள் குழந்தையின் இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டன. பிரித்தால் மஞ்சளாகச் சீழ் வழிந்தது. தாய்ப்பால் விட்டுப் பார்த்தார்கள். டிரஸ்ஸர் வந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு அர்ஜுனனைப் பார்த்தார். கண் கழுவுகிற தண்ணீரைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். சாலை நாலாம் நாளே திறந்துவிட்டது. அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தது ஏழாம் நாள். அதற்குள் கருவிழி இரண்டும் வெளுத்துப்போயிருந்தன.

அப்போது எங்கள் மலையில் கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைந்து கத்திரியால் வெட்டுவது வந்திருந்தது. பெரிய கத்திரி, ஒரு அலகில் தகரப் பெட்டி பொருத்தியிருக்கும். வெட்டுகிற கொழுந்து அதில் விழும். அம்மாக்கண்ணு அதில் கெட்டிக்காரி. ஒன்பதாம் மாசம் வரைக்கும் கத்திரி பிடித்தாள். குழந்தைக்குக் கண் போனதும் லயத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கத்திரியைப் படபடவென்று அடித்தாள், அதுதான் பிள்ளையின் கண்ணை வாங்கிவிட்டது என்று. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. ஆனால் பேச்சு நன்றாக ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் முழுகாமல் இருக்கிற பெண் எவளும் கத்திரியைத் தொடுவதில்லை என்றே ஆகிவிட்டது.

அம்மாக்கண்ணு கத்திரியை அடியோடு விட்டாள். மூன்று வருஷம் சரிவுகளில் கையால் கிள்ளியும் புல் வெட்டியும் பாதிக் கூலி வாங்கினாள். மாரியம்மன் கோயிலில் தன்னுடைய பழைய கத்திரியைக் கொண்டுபோய் வைத்து விழுந்து அழுதாள். அர்ஜுனன் பக்கத்தில் கை கட்டி நின்றான். நானும் நின்றேன். எங்களுக்கு உறுதியாகத் தெரியாது, ஆனால் உள்ளுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. டிரஸ்ஸர் குழந்தையைப் பார்த்துவிட்டு அர்ஜுனனைப் பார்த்த பார்வையை நானும் பார்த்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. படுபாவிகள்.

எழுபத்தொன்பதில் அம்மாக்கண்ணு மறுபடி முழுகாமல் இருந்தாள். ஆறாம் மாசம், தானா ராத்தா கிளினிக்குக்குப் போனாள். துணைக்குத் தங்கம்மா. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் பிள்ளை இல்லை, அதையும் கேட்டு வரலாம் என்று போனாள். அங்கே நடந்ததைத் தங்கம்மா எனக்குப் பிற்பாடு ஒரே ஒரு முறை சொன்னாள். ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது.

கிளினிக்கில் மேவிஸ் என்று ஒரு மிஸ்ஸி. நர்ஸ்களை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். அவரும் தோட்டத்து லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர். செல்லத்தைப் பார்த்ததும் எழுதுகிற பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்தப் பிள்ளைக்குப் பொறந்ததுலேருந்தே கண்ணு இப்படியாம்மா?"

"இல்ல மிஸ்ஸி. பொறந்தப்ப முழிச்சிப் பாத்தா. மூணாம் நாளு சீ வச்சி ஒட்டிக்கிச்சு. நான் பண்ண பாவம். கத்திரி புடிச்சேன்."

"கத்திரியா? என்னாம்மா பேசுற நீ?" மிஸ்ஸி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "வீட்டுக்காரரு என்னா வேல?"

"லோரி ஓட்டுறாரு."

மிஸ்ஸி அவளைப் பரிசோதித்து, எதையோ எடுத்து உள்ளே அனுப்பி, முடிவு வரும்வரை காத்திருக்கச் சொன்னார். மத்தியானம் திரும்பக் கூப்பிட்டார்.

"கேட்டுக்க. இது கத்திரியும் இல்ல, சாமி குத்தமும் இல்ல. வெட்டை நோவு. உன் வீட்டுக்காரரு வெளிய போயி வாங்கியாந்து உனக்குக் குடுத்திருக்காரு. ஆம்பளைக்கு எரியும், துடிப்பான், மருந்துக்கு ஓடுவான். பொம்பளைக்கு உள்ளயே கெடக்கும், வலி கூட இருக்காது. பிள்ள வெளிய வர்றப்ப அது கண்ணுல பட்டிருக்கு. இப்பவும் உனக்கு இருக்கு."

"அப்ப இந்த வயித்துல உள்ளதுக்கு?"

"ஒண்ணும் ஆவாது. உனக்கு இன்னிக்கு ஊசி போடுறேன். பிள்ளைய இங்க வந்து பெத்துக்க. பொறந்த ஒடனே கண்ணுல மருந்து விடுவோம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"செல்லத்துக்கும் அவ்வளவுதானா இருந்திச்சு மிஸ்ஸி?"

அம்மாக்கண்ணு அழவில்லை என்று தங்கம்மா சொன்னாள். மடியில் இருந்த செல்லத்தின் இரண்டு கண்ணையும் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாளாம்.

"ஒனக்கு மட்டும் ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்லைலா" என்றார் மிஸ்ஸி. "அவருக்கும் போடணும். அவரு தனியா போட்டுக்கிட்டாலும் இதே கததான். ரெண்டு பேருக்கும் ஒண்ணா போடணும். அது வரைக்கும் பக்கத்துல விடாத."

அப்போதுதான் மூலையில் நின்ற தங்கம்மா வாயைத் திறந்தாள். "மிஸ்ஸி, குளிருக்கு இடுப்புல ஊசி போடுவாங்களா?"

"குளிருக்கு யாரும்மா ஊசி போடுவா? கம்பளி போத்திக்க வேண்டியதுதான்."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கம்மாவுக்கும் சோதனை நடந்தது. அவளுக்கு ஏன் பிள்ளை உண்டாகவில்லை என்பதை மிஸ்ஸி மெதுவாக, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். உள்ளே குழாய் அடைத்துப்போயிருக்கலாம், ஊசி போட்டு இனிமேல் கெடாமல் பார்க்கலாம், போனது திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார்.

கிளம்பும்போது அம்மாக்கண்ணு கேட்டாள். "மிஸ்ஸி, அடுத்த வியாழன் இல்ல, அதுக்கு அடுத்த வியாழன், பதினோரு மணிக்கு நம்ம தோட்டத்துக்கு வருவீங்களா? ஊசி மருந்து கூடவே கொண்டாங்க."

"எத்தன பேருக்கும்மா?"

"அஞ்சு வீடு. பத்து பேரு."

அந்தப் பன்னிரண்டு நாளும் இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை காட்டிக்கொள்ளவில்லை. எனக்குச் சுடுசோறு வேளைக்கு வந்தது. கோசுப் பொரியல், நெத்திலிச் சம்பல், மழைநாளில் மிளகு ரசம். தங்கம்மாவுக்கு இடுப்பு வலி என்று தனியாகப் படுத்தாள். அடுத்த வீட்டில் செல்லத்துக்கு இருமல் என்று நடுவில் அவளைப் படுக்க வைத்தார்கள். நானும் அர்ஜுனனும் திங்கட்கிழமை வழக்கம் போல இறங்கினோம். வழக்கம் போல மாடிப்படி ஏறினோம். வீட்டில் எல்லாம் தெரிந்துவிட்டது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அந்த வியாழன் காலை, பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் அம்மாக்கண்ணு நேராகக் கத்திரிக் கொட்டகைக்குள் போனாள். ஆறரை மாச வயிற்றோடு கத்திரியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ராமையா கங்காணி ஓடி வந்தார். "ஏய், வயித்துப் பிள்ளைக்காரி! வை கீழ. ஒரு தடவ பட்டது போதாதா ஒனக்கு?"

"என்னா பட்டேன் கங்காணி?"

"என்னாவா? ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சது தப்பு. பதினோரு மணிக்குச் சரியாத் தெரியும், கொஞ்சம் பொறுங்க."

அன்றைக்கு மூடுபனியும் தூறலும். பிளாஸ்டிக் படுதாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, மூன்று வருஷமாகத் தொடாத கத்திரியால் அவள் நிரையை வெட்டிக்கொண்டு போன வேகத்தைப் பார்த்துப் பெண்கள் மலைத்துப்போனார்களாம். வெட்டிக்கொண்டே பக்கத்து நிரைக்கு ஒதுங்கி, பேக்டரி ஆட்கள் மூன்று பேருடைய மனைவிகளிடமும் ஒவ்வொருத்தியாகச் சொல்லியிருக்கிறாள். ஒருத்தி நம்பவில்லை. "உன் புருஷன் குளிர் ஊசி போட்டுக்கிட்டானா இல்லையா?" என்று கேட்டதும் அவளும் கத்திரியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பதினோரு மணி. நாங்கள் ஐந்து பேரும் விறகுக் கொட்டகைப் பக்கம் நின்றோம். முதல் ஆள் நான். வாசலுக்குள் ஒரு காலை வைத்துக் கால்சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தேன். டிரஸ்ஸர் ஊசியை மேலே பிடித்து மருந்தைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். மலைப் பாதையிலிருந்து படக் படக் என்று சத்தம் கேட்டது. கத்திரிச் சத்தம். அந்த நேரத்தில், அந்தத் திசையில் அது கேட்கக் கூடாது.

பனிக்குள்ளிருந்து முதலில் அம்மாக்கண்ணு வந்தாள். ஒரு கையில் கத்திரி, இடுப்பில் செல்லம். வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கிற பிள்ளைக் கொட்டகையிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டே வந்திருந்தாள். பின்னால் தங்கம்மா, மற்ற மூன்று பேர். அதற்கும் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த பெண்கள் முப்பது நாற்பது பேர். எல்லார் கையிலும் கத்திரி. கடைசியில் ராமையா கங்காணி, "கொழுந்து வாடுதுடி! சாக்கெல்லாம் அப்படியே கெடக்குதுடி!" என்று கத்திக்கொண்டு வந்தார்.

"வாடட்டும் கங்காணி" என்றாள் அம்மாக்கண்ணு. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் பொத்தானைப் போட முயன்றேன்.

டிரஸ்ஸர் வாசலுக்கு வந்தார். "என்னாம்மா இது, வேல நேரத்துல?"

"குளிருதுங்கய்யா. எங்களுக்கும் குளிர் ஊசி போடுங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அர்ஜுனன் முன்னால் வந்து, "ஏ புள்ள, வீட்டுக்குப் போ. பேசிக்கலாம்" என்று தணிந்த குரலில் சொன்னான்.

"நீ வாய மூடு. உன் முறை வரும். நான் ஐயாகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்."

"ஆம்பளைங்க வைத்தியம் நடக்குதும்மா. முன்னால போயி உக்காருங்க, வர்றேன்" என்றார் டிரஸ்ஸர்.

"முன்னால நாலு நாளு உக்காந்திருந்தேன்யா. சீ வடியிற பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு. பச்ச ஒடம்புக்காரி, மழையில. அப்ப உங்களுக்கு அது என்னா நோவுன்னு தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

டிரஸ்ஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். "ஒரு வேளை சரியாயிடும்னு நெனச்சேன். அங்க அனுப்பினா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. துரை காதுக்குப் போனா டிரைவர் வேல போயிடும். அஞ்சு வீட்டுச் சங்கதி வெளிய வந்தா லயமே பத்தி எரியும். குடும்பம் ஒடையக் கூடாதுன்னுதான் நான்..."

"எது ஒடையாம இருக்கு, இந்தாங்க, காட்டுங்க எனக்கு." அவள் செல்லத்தின் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். "மூணு வருஷம்யா. மூணு வருஷம் எங்கையால என் பிள்ள கண்ணப் புடுங்கிட்டேன்னு நெனச்சிக்கிட்டுப் படுத்தேன். நீங்க தெனமும் என்னப் பாத்து நல்லாயிருக்கியாம்மான்னு கேட்டீங்க."

"நான் உன்ன அப்படியே விட்டுடல அம்மாக்கண்ணு." டிரஸ்ஸர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "செல்லம் உன் வயித்துல இருந்தப்பவே அவன்கிட்ட ரெண்டு பொட்டலம் மாத்திரை குடுத்தேன். ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு உனக்கு. சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுடான்னேன். எல்லாருக்கும் அப்படித்தான் ரெண்டு ரெண்டு குடுத்தேன். நீ சாப்பிடலயா?"

அம்மாக்கண்ணு மெதுவாக அர்ஜுனன் பக்கம் திரும்பினாள். "எங்க என் பொட்டலம்?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல. எங்க என் பொட்டலம்?"

"ரெண்டையும் நானே முழுங்கிட்டேன்" என்றான். "ரெட்டிப்பாத் தின்னா சீக்கிரம் நிக்கும்னு. திங்கக்கெழம லோரி எடுக்கணும்ல..."

என்னுடைய இரண்டாவது பொட்டலம் ரிங்லெட் வளைவில் லோரி ஜன்னல் வழியாகப் போனது. வீட்டில் கொடுத்தால் எதற்கு என்று கேட்பாளே என்று தூக்கி எறிந்தேன். தங்கம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்று மட்டும் இல்லை, இன்றுவரை கேட்கவில்லை. எனக்கு அவள் கொடுத்த தண்டனை அதுதான்.

"இப்ப எல்லாரும் முன்வாசலுக்கு வாங்க" என்றாள் அம்மாக்கண்ணு. "ஆம்பளைங்க முன்னால. பொத்தானப் போட்டுக்குங்க பழனிண்ணே."

முன்வாசலில் அரசாங்க லேண்ட்ரோவர் நின்றிருந்தது. மேவிஸ் மிஸ்ஸி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். "யாரு பேரையும் சத்தம் போட்டுக் கூப்பிட மாட்டேன். கதவு சாத்தித்தான் இருக்கும். ஆனா புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள வரணும்" என்றார்.

"எம்பேரச் சத்தமாவே கூப்பிடுங்க மிஸ்ஸி" என்றாள் அம்மாக்கண்ணு. "அவரு பேரையும்."

மிஸ்ஸி கூப்பிட்டார். அர்ஜுனன் என்ற பேர் அவ்வளவு பெரிய சத்தமாக அதற்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் கேட்டதில்லை. அவனுக்கு ஊசி போட்டபோது செல்லம் அவன் தோளைத் தடவி, "அப்பாவுக்கு ஊசியா? வலிக்குதாப்பா?" என்று கேட்டாள். அவன் அப்போதுதான் உடைந்து அழுதான். அம்மாக்கண்ணு அவனை அழவிட்டாள்.

எல்லாம் முடிந்தபின் மிஸ்ஸி ஒரு தகர டப்பாவைத் திறந்து ரப்பர் உறைகளைக் காட்டினார். எப்படிப் போடுவது, ஒன்றை ஒரு தரத்துக்கு மேல் போடக் கூடாது என்றெல்லாம் எங்கள் ஐந்து பேரிடமும் பச்சைப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொன்னார். அம்மாக்கண்ணு அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு போய், லோரிக்குள் பிள்ளையார் படத்துக்குக் கீழே கம்பி வைத்துக் கட்டினாள்.

"ஈப்போவுக்குப் போ. எங்கயும் போ. நான் கேக்க மாட்டேன்" என்றாள் அர்ஜுனனிடம். "ஆனா கொண்டாரக் கூடாது. அவ்வளவுதான்."

சாயங்காலம் பின்வாசல் அடைபட்டது. உடைந்த தேயிலைப் பெட்டிகளின் பலகை, எங்கள் ஐந்து பேர் கை. அம்மாக்கண்ணு ஆணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். டிரஸ்ஸர் உள்ளே விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதமே மாற்றல் கேட்டுப் போய்விட்டார். போகும்போது விடை கொடுக்க முன்வாசலுக்கு ஒருத்தியும் வரவில்லை.

பிள்ளை ஜனவரியில் தானா ராத்தாவில் பிறந்தது. ஆண். பிறந்த உடனே மிஸ்ஸி கண்ணில் மருந்து விட்டார். மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து அம்மாக்கண்ணு அதன் இமையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை என்று தங்கம்மா சொன்னாள். சீழ் இல்லை, வீக்கம் இல்லை. ஐந்தாம் நாள் பிள்ளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியது. அப்போதுதான் அவள் வயிறார ஒரு கோப்பை மைலோ குடித்தாளாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று லயத்து வாசலில் அர்ஜுனன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். அவள் கம்பளியோடு பிள்ளையை மார்பில் அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"மொதல்ல கண்ணக் கட்டு."

"என்னா புள்ள?"

"தோள்ல கெடக்குற துண்டால கண்ணக் கட்டு. அப்பத்தான் தருவேன். செல்லம் ஒன்ன எப்படிப் பாக்குறாளோ, அப்படி நீ இவனப் பாரு."

"எத்தன நாளைக்கு?"

அவள் கம்பளியைப் பிள்ளையின் முகத்துக்கு மேல் இழுத்துவிட்டாள். "மாட்டேன்னா சொல்லிடு. எங்கண்ணன் லெம்பா பெர்த்தாம்ல கோசுத் தோட்டத்துல இருக்கான். ரெண்டையும் தூக்கிக்கிட்டு இப்பவே எறங்கிடுவேன்."

அர்ஜுனன் துண்டை எடுத்துக் கட்டினான். இறுக்கமாகவே கட்டினான். அவள் சுற்றி வந்து முடிச்சை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கையில் வைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் வேலை விட்டு வந்ததும் அப்படித்தான். மற்ற நேரம் தூளியின் மேல் சேலை மூடியிருக்கும். ஒரே அறை வீட்டில் அவன் திருட்டுத்தனமாகப் பார்த்திருக்க முடியும். பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும். "இது மூக்குப்பா. இது காது. மெதுவா, மெதுவா. உச்சியில அழுத்தாதப்பா, அங்க மெத்துன்னு இருக்கும்" என்று செல்லம் அவன் விரலைப் பிடித்து நகர்த்திச் சொல்லிக் கொடுப்பாள். தகப்பனுக்கு ஏதோ ஒன்று தெரியவில்லை, தனக்குத் தெரிகிறது என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, முதல் பல் வந்தது. பல்லையும் அவன் விரலால் தடவித்தான் தெரிந்துகொண்டான். லயத்தில் ஆண்கள் முணுமுணுத்தார்கள். ஊசி போட்டாயிற்று, நோவு போயிற்று, அவன் ஈப்போ பக்கமே திரும்புவதில்லை, இன்னும் என்ன என்று. எனக்கும் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் அம்மாக்கண்ணு வாசலில் கத்திரியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது கிட்டப் போனேன். உள்ளே அர்ஜுனன் கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளையை மடியில் வைத்திருந்தான்.

"போதும் தங்கச்சி. மனுஷன் செத்துக்கிட்டிருக்கான். அவுத்துடச் சொல்லு."

அவள் கத்திரியின் அலகை விரலால் தடவிக் கூர் பார்த்தாள்.

"செல்லத்துக்கு எப்ப அவுக்கலாம்னு நீங்க சொல்லுங்கண்ணே. அன்னிக்கு இவருக்கும் அவுத்துடலாம்."